வந்த வழியே திரும்பும் பணம்: விமான டிக்கெட் ரீஃபண்டின் கதை

செஞ்சிக்குச் சில கிலோமீட்டர் வடக்கே இருக்கும் சிங்கவரம், பல்லவர் காலக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதருக்குப் பெயர் போன ஊர். அங்கிருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறவர், திண்டிவனம் வழியாகச் சென்னைக்கு வந்து விமானம் ஏற வேண்டும்.

அப்படிப் போகும் ஒருவருக்கு, ஊரில் இருக்கும் அண்ணன் ஏஜென்டிடம் ரொக்கம் கொடுத்துப் போக வர டிக்கெட் எடுத்துத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ரீஃபண்டபிள்' டிக்கெட்தான். ஆறு மாதம் கழித்து முதலாளி லீவு தரவில்லை. திரும்பி வரும் டிக்கெட்டை ரத்து செய்கிறார். பணம் யார் கைக்கு வரும்? துபாயில் இருக்கும் விமானக் கம்பெனி அலுவலகத்தில் போய்க் கேட்டால் கொடுப்பார்களா?

கொடுக்க மாட்டார்கள். பணம் எந்த வழியில் போனதோ அதே வழியில்தான் திரும்பும். பறந்தவர் யார் என்பதை விட, கட்டியவர் யார், எங்கே கட்டினார் என்பதுதான் கணக்கு. இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கிட்டத்தட்ட நூறு வருட வரலாறு இருக்கிறது.

காகித டிக்கெட் காலம்

விமானப் பயணிகளின் உரிமை பற்றிய முதல் பெரிய சர்வதேச உடன்படிக்கை 1929-இல் வார்சாவில் கையெழுத்தானது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியா அதற்காக 1934-இல் சட்டமே இயற்றியது. பயணி இறந்தால், பெட்டி தொலைந்தால், விமானம் தாமதமானால் கம்பெனி என்ன தர வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. பயணியே டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் எப்படித் திரும்பும் என்பது இல்லை! 1999-இல் வந்த மான்ட்ரியல் உடன்படிக்கையிலும் இல்லை. இந்தியா அதில் 2009-இல் சேர்ந்தது. ஆக, ரீஃபண்ட் விஷயம் கம்பெனியின் ஒப்பந்தத்துக்கும் அந்தந்த நாட்டு விதிக்கும் விடப்பட்டது.

1945-இல் ஹவானாவில் உருவான ஐயாட்டா என்ற விமானக் கம்பெனிகளின் சங்கம்தான் டிக்கெட்டுக்கு ஒரே மாதிரி வடிவம் கொடுத்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கூப்பன், இடையில் கார்பன் பூச்சு. பயன்படுத்தாத கூப்பனைத் திருப்பிக் கொடுத்தால்தான் பணம். கூப்பன் தொலைந்தால் பெரும் பாடு.

1971-இல் ஜப்பானில் இன்னொரு ஏற்பாடு தொடங்கி உலகெங்கும் பரவியது. ஏஜென்டுகள் விற்ற டிக்கெட் பணத்தை ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாக அனுப்பாமல், ஐயாட்டா நடத்தும் ஒரே கணக்குத் தீர்வு முறை வழியாகக் கட்டினார்கள். ரீஃபண்டும் அதே குழாயில் பின்னோக்கி வர வேண்டும். கம்பெனியிடமிருந்து தீர்வு முறைக்கு, அங்கிருந்து ஏஜென்டுக்கு, ஏஜென்டிடமிருந்து பணம் கட்டியவருக்கு. நடுவில் யாராவது ஒருவர் கையை மடக்கினால் பணம் அங்கேயே நின்றுவிடும்.

அந்நியச் செலாவணியும் ஒரு காரணம்

இந்தியாவில் இதோடு இன்னொரு பூட்டும் இருந்தது. அந்நியச் செலாவணி தட்டுப்பாடான காலத்தில், வெளிநாட்டு டிக்கெட் வாங்கவே ரிசர்வ் வங்கியின் 'பி' படிவ அனுமதி பல வருடங்கள் தேவைப்பட்டது. ரூபாயில் வாங்கிய டிக்கெட்டை லண்டனில் ரத்து செய்து பவுண்டாக வாங்கிக்கொள்ள முடிந்தால், அரசு போட்ட வேலியை எல்லோரும் டிக்கெட் வழியாகவே தாண்டிவிடுவார்கள் அல்லவா? அதனால் ரூபாயில் கட்டியது ரூபாயிலேயே, கட்டிய இடத்திலேயே திரும்பியது. 1973-இன் கடுமையான ஃபெரா சட்டம் போய் 1999-இல் ஃபெமா வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. 2008 ஜூன் 1 முதல் ஐயாட்டா காகித டிக்கெட்டை நிறுத்தி எல்லாவற்றையும் மின்டிக்கெட் ஆக்கியது. கூப்பன் தொலையும் கவலை தீர்ந்தது. பணம் திரும்பும் பாதை மட்டும் அப்படியே இருந்தது.

2008: விதி எழுதப்படுகிறது

அதே 2008-இல் மே 22 அன்று, இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் (டிஜிசிஏ) ரீஃபண்டுக்கென்றே ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. பிறகு பலமுறை திருத்தப்பட்டது. 2016 திருத்தத்துக்குப் பின் அதன் சாரம் இது:

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ரத்து செய்த 7 நாளில் அந்தக் கார்டு கணக்குக்குப் பணம் போக வேண்டும். ரொக்கமாகக் கட்டியிருந்தால், டிக்கெட் வாங்கிய அதே அலுவலகம் உடனே கொடுக்க வேண்டும். ஏஜென்டிடமோ இணையதளத்திலோ வாங்கியிருந்தாலும் பொறுப்பு விமானக் கம்பெனியுடையதுதான், ஏனென்றால் ஏஜென்ட் கம்பெனியின் பிரதிநிதி. இதற்கு அப்போது இருந்த கெடு 30 வேலை நாட்கள். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. பணத்தைக் கம்பெனியிடமே 'கிரெடிட் ஷெல்' ஆக விட்டுவைப்பதா என்பது பயணியின் விருப்பம்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் மட்டும் தங்கள் நாட்டு விதிப்படி ரீஃபண்ட் கொடுக்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. வளைகுடாக் கம்பெனியில் பறப்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

2020: விதிக்கு வந்த சோதனை

2020 மார்ச் 23 முதல் இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. 25 முதல் உள்நாட்டு விமானங்களும் நின்றன. பல கம்பெனிகள் ரொக்கம் தராமல் கிரெடிட் ஷெல் கொடுத்தன. விருப்பம் என்று விதியில் இருந்தது கட்டாயம் ஆனது.

வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது இரட்டை அடி. மே 7 அன்று 'வந்தே பாரத்' மீட்பு விமானங்கள் தொடங்கின. அவை இலவசம் அல்ல, பயணிதான் கட்டணம் கட்ட வேண்டும். வேலை போய், சம்பளம் நின்று, பழைய டிக்கெட் பணம் கம்பெனியிடம் முடங்கிக் கிடக்க, ஊர் திரும்ப இன்னொரு டிக்கெட்டுக்குப் பணம் புரட்ட வேண்டிய நிலை.

புலம்பெயர்ந்தவர்களுக்காகச் செயல்படும் 'பிரவாசி லீகல் செல்' என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. நீதிபதிகள் அசோக் பூஷண், சுபாஷ் ரெட்டி, எம்.ஆர்.ஷா அமர்வு 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது. ஊரடங்கின்போது, ஊரடங்கு நாட்களுக்கே எடுத்த டிக்கெட்டுக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும். முன்பே எடுத்த டிக்கெட்டுக்கு 15 நாளில் பணம் தர வேண்டும். கம்பெனி நிதி நெருக்கடியில் இருந்தால் 2021 மார்ச் 31 வரை கிரெடிட் ஷெல் தரலாம், அதை வேறொருவருக்கு மாற்றியும் கொடுக்கலாம். சும்மா வைத்திருக்க முடியாது: 2020 ஜூன் 30 வரை மாதம் 0.5 சதவீதம், அதற்குப் பின் மாதம் 0.75 சதவீதம் மதிப்பு கூட வேண்டும். 20,000 ரூபாய் டிக்கெட் என்றால் முதலில் மாதம் 100 ரூபாய், பிறகு 150 ரூபாய்.

இந்தத் தீர்ப்பிலும் பாதை மாறவில்லை. ஏஜென்டிடம் எடுத்த டிக்கெட் பணம் ஏஜென்ட் வழியாகத்தான் திரும்பியது. ஏஜென்ட் அதை உடனே பயணியிடம் சேர்க்க வேண்டும் என்று மட்டும் நீதிமன்றம் சொன்னது. ஒப்பிட்டுப் பார்த்தால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 பிப்ரவரி முதலே, கம்பெனி விமானத்தை ரத்து செய்தால் 7 நாளில் பணம் என்ற விதி இருக்கிறது. பயணி எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே வவுச்சர்.

கம்பெனியே நின்றுவிட்டால்?

எந்த விதியும் கைகொடுக்காத இடம் இதுதான். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நிறுத்தியது. டிக்கெட் வைத்திருந்தவர்கள் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நின்று திவால் நடவடிக்கையில் உரிமை கோர வேண்டியதாயிற்று. 'ரீஃபண்டபிள்' என்ற சொல், பணம் கொடுக்க ஆள் இருக்கும் வரைதான் செல்லும்.

வெளிநாட்டில் இருப்பவர் செய்யக்கூடியது

இந்த வரலாற்றிலிருந்து சில பாடங்கள் நேராகவே கிடைக்கின்றன.

விமானம் கிளம்பும் முன்பே ரத்து செய்து, அதை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். வராமலே இருந்துவிட்டால் கணக்கு வேறு. யார் கார்டில் கட்டப்பட்டதோ அவரைத் தொடர்பில் வைத்திருக்க வேண்டும். கார்டில் கட்டி, கம்பெனி இழுத்தடித்தால் வங்கியிடம் 'சார்ஜ்பேக்' கேட்கலாம். ரூபாயில் கட்டியது ரூபாயில் வரும்போது நாணய மாற்று நஷ்டம் பயணியின் தலையில்தான். ஏஜென்ட் "கம்பெனி இன்னும் தரவில்லை" என்றால், கம்பெனிக்கே நேராக எழுதிக் கேட்கலாம். 2016-இல் தொடங்கிய 'ஏர்சேவா' தளத்தில் மத்திய அரசிடம் புகாரும் செய்யலாம். கெடு நாட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் (2025 நவம்பர் வரைவில் ஏஜென்ட் டிக்கெட்டுக்கு 21 வேலை நாட்கள் என்று டிஜிசிஏ முன்வைத்தது) அன்றைய விதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. 1986 நுகர்வோர் சட்டப்படி, எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட வழி செய்தது. செஞ்சிப் பக்கத்துக்காரர் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கேட்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டெல்லியிலோ மும்பையிலோ தலைமை அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனி, பதில் சொல்ல விழுப்புரத்துக்கு வந்தாக வேண்டும்!