இருதய வாயிலைத் திறந்தவர்கள்

மனித இருதயத்தின் இடப்பாகத்தில், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஈரிதழ் வால்வு என்னும் வாயில் ஒன்று அமைந்துள்ளது. இளம் வயதில் வரும் வாதக்காய்ச்சல் சிலரிடத்தில் இவ்விதழ்களின் ஓரங்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்துவிடுகின்றது. இரு விரல்கள் நுழையத்தக்க வழி, காலப்போக்கில் சட்டைப் பொத்தானின் துளையளவாகச் சுருங்கும். இரத்தம் நுரையீரலிலே தேங்கும். நோயாளி மூச்சுத் திணறி, இரவெல்லாம் உட்கார்ந்தே கழிப்பார்.

இவ்வாயிலைக் கத்தியினால் திறக்கலாம் என்று 1902ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் லோடர் பிரன்டன் எழுதினார். எழுதியதற்காகக் கண்டனமே பெற்றார். துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தைத் தொடுவது அக்காலத்தில் அடாத செயலாகக் கருதப்பட்டது.

1923இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் எலியட் கட்லர் துணிந்து ஒரு சிறுமிக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அவள் நாலரை ஆண்டுகள் உயிர் வாழ்ந்தாள். ஆனால் பின்னர் அவர் வால்வின் ஒரு துண்டையே வெட்டியெடுக்கும் கருவியைக் கையாண்டார். குறுகிய வாயில் அகன்றது உண்மையே. ஆயினும் மூட வேண்டிய வேளையில் அது மூடவில்லை. நோயாளிகள் அடுத்தடுத்து மாண்டனர். 1929இல் கட்லர் இம்முயற்சியைக் கைவிட்டார்.

இதனிடையே, 1925இல், இலண்டனில் ஹென்றி சூட்டர் என்பவர் வேறொரு வழி கண்டிருந்தார். இருதய மேலறையின் ஓரத்திலுள்ள சிறு மடலினூடாகத் தமது விரலைச் செலுத்தி, வால்வை நேரே தொட்டு உணர்ந்து, விரலினாலேயே விரித்தார். அந்த இளம்பெண் குணமடைந்து வீடு திரும்பிச் சில ஆண்டுகள் வாழ்ந்தாள். இவ்வெற்றிக்குப் பின்னர் நோயாளிகள் அவரைத் தேடி வந்திருப்பார்கள் என்று நேயர்கள் எண்ணக்கூடும். ஒருவரும் வரவில்லை. வைத்தியர்கள் எவரையும் அவரிடம் அனுப்பவில்லை. நோய் வால்வில் இல்லை, இருதயத் தசையிலேயே உள்ளது என்பது அன்றைய பேரறிஞர்களின் கொள்கை. கைகண்ட உண்மை ஒன்று, கற்றோரின் நம்பிக்கைக்கு முன்னே இருபத்துமூன்று ஆண்டுகள் காத்துக் கிடந்தது. அத்தனை ஆண்டுகளில் மூச்சடைத்து இறந்தோரை யார் கணக்கிட்டார்?

1948 யூன் மாதத்தில் பிலடெல்பியாவின் சார்ள்ஸ் பெய்லி மீண்டும் விரலை உட்செலுத்தினார். முன்னைய நான்கு நோயாளிகளும் இறந்திருந்தனர். ஐந்தாமவரான பெண் பிழைத்தார். அதே மாதம் பொஸ்டனில் டுவைட் ஹார்க்கனும், செப்டெம்பரில் இலண்டனில் ரசல் புரொக்கும் வெற்றி கண்டனர். இம்முறை துண்டு வெட்டப்படவில்லை; ஒட்டிய மடிப்புகள் மட்டுமே பிரிக்கப்பட்டன. அதுவே வேறுபாடு.

பிழைத்தோர் எத்தனை காலம் நலமாயிருந்தனர் என்னும் வினா பின்னரே எழுந்தது. பலர் பத்து, இருபது ஆண்டுகள் நன்கு வாழ்ந்தனர். ஆயினும் தழும்புற்ற வால்வு வேறு சிலரிடத்தில் மீண்டும் குறுகிற்று. இரண்டாம் சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. எனவே வால்வையே மாற்றும் எண்ணம் வந்தது. 1960இல் அல்பேர்ட் ஸ்டார் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும் லோவெல் எட்வேர்ட்ஸ் என்னும் பொறியியலாளரும் கூண்டினுள் பந்து அசையும் செயற்கை வால்வைப் பொருத்தினர். முதல் நோயாளி சில மணி நேரத்திலேயே இறந்தார். அடுத்தவர் பத்தாண்டு வாழ்ந்து, ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். வால்வு அவரைக் கைவிடவில்லை. எனினும் உலோக வால்வு உடையோர் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுவதும் மருந்து உண்ணவேண்டும். விலங்கின் இழையத்தால் ஆகிய வால்வுக்கு அத்தேவை பெரும்பாலும் இல்லை. ஆனால் அது ஆண்டுகள் செல்லத் தேய்ந்து போகும், இளையோரிடத்தில் இன்னும் விரைவாக.

1984இல் யப்பானியரான கஞ்சி இனோவே மார்பைத் திறவாமலே, தொடை நாளத்தின் வழியே சிறு பலூனைச் செலுத்தி வால்வை விரிக்கும் முறையை வெளியிட்டார். சூட்டரின் விரல் செய்த வேலையையே பலூன் செய்கின்றது. இதழ்கள் மென்மையாக உள்ளோர்க்கு அதன் பயன் நெடுங்காலம் நிலைக்கும். தடித்துச் சுண்ணாம்பு படிந்தோர்க்கு விரைவில் குன்றும்.