யூஜினி கிளார்க் அம்மையார் சரித்திரம்

பெண்மக்களைச் சாஸ்திரக் கல்விக்கு அனுப்புதல் வீண் செலவென்று கருதுவோர் நம் சமூகத்தில் இன்றும் உளர். அன்னார் பொருட்டு அமெரிக்க மாது ஒருவரின் சரித்திரத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

யூஜினி கிளார்க் அம்மையார் 1922-ஆம் ஆண்டு நியூயார்க் நகரிற் பிறந்தார். தந்தையார் அவரது குழந்தைப் பருவத்திலேயே காலஞ்சென்றார். ஜப்பானிய மரபினரான தாயார், பத்திரிகையும் சுருட்டும் விற்குங் கடையொன்றில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கினார். சனிக்கிழமைகளில் வேலைக்குச் செல்லுங்கால், மகளை அருகிலிருந்த மீன்காட்சிச் சாலையில் விட்டுச் செல்வார். கைம்பெண் வேறென் செய்வார்? ஒன்பது வயதுச் சிறுமியோ, தொட்டியின் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு, தானுங் கடலடியில் உலவுவதாக எண்ணிக் களித்து நின்றாள். ஆழ்கடலில் இறங்கி ஆராய்ந்த வில்லியம் பீபி என்னும் அறிஞரைப்போல் ஆகவேண்டுமென்று அவள் கூறியபோது, தட்டெழுத்துக் கற்றால் அத்தகையோரிடம் காரியதரிசியாகலாமே என்றனர் வீட்டார். அன்பினாற் கூறியதே, எனினும் நம் வீடுகளிலும் நாம் கேட்கும் பேச்சன்றோ இது!

1942-இல் பட்டம் பெற்ற அம்மையார், மேற்படிப்பிற்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தை நாடினார். மணம் புரிந்து மக்களைப் பெற்றபின் ஆராய்ச்சியைக் கைவிட்டுவிடுவாரென்று கூறி, ஆங்கு இடமளிக்க மறுத்தனர். மனந்தளராது, பகலில் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே நியூயார்க் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1950-இல் டாக்டர் பட்டம் எய்தினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே பசிபிக் சமுத்திரத் தீவுகளுக்குச் சென்று, ஈட்டியால் மீன் பிடிக்கும் அத்தீவினரோடு நீரில் மூழ்கி நச்சுமீன்களைச் சேகரித்தார். மீனவரை ஆசிரியராகக் கொள்ள அவர் நாணவில்லை என்பது குறிக்கத்தக்கது.

1955-இல் புளோரிடாவில் சிறு மரக் கட்டடத்தில் ஆராய்ச்சிச் சாலை நிறுவினார். சுறா அறிவற்ற ஜந்து என்பதே அந்நாளிற் பெரும்பாலோர் கருத்து. அம்மையாரோ, பலகையொன்றை மூக்கால் முட்டினால் மணியொலித்து இரை கிடைக்குமெனச் சுறாக்களைப் பழக்கினார். குளிர்காலத்திற் பல வாரம் பயிற்சி நின்றபோதும் அவை அதனை மறந்தில. பிற்காலத்தே செங்கடலில் நாக்குமீன் வகையொன்றை ஆராய்ந்தார். அது பால்போன்ற நீரைச் சுரக்குங்கால், கடிக்க வந்த சுறா திறந்த வாயை மூடமாட்டாது திகைக்கக் கண்டார்.

நிற்க. பல்கலைக்கழகத்தார் அஞ்சியவாறே அம்மையார் மணமும் புரிந்தார். நான்கு மக்களையும் பெற்றார். ஆராய்ச்சியை மட்டும் விட்டாரல்லர். 2014-ஆம் ஆண்டு, தமது 92-ஆம் வயதில், சாலமன் தீவுகளருகே மீண்டுங் கடலில் மூழ்கி மீன்களை ஆராய்ந்தார். 2015 பிப்ரவரியிற் காலமானார்.