எண்ணிக்கை சொல்லாததை மரபணு சொன்னது: ஒரு கடல்நஞ்சின் வரலாறு

1987ஆம் ஆண்டின் இறுதியில், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் விளைந்த மட்டிகளை உண்டோருள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றனர், மூவர் இறந்தனர், பிழைத்தவர்களில் சிலருக்கு நினைவாற்றல் மீளவே இல்லை. காரணம் டொமோயிக் அமிலம் எனக் கண்டறியப்பட்டது. அது புதிய பொருளன்று. 1958இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதனை ஒரு செம்பாசியிலிருந்து பிரித்தெடுத்து, அப்பாசியின் வட்டாரப் பெயரை ஒட்டியே பெயரிட்டிருந்தனர். வியப்பளித்தது அதன் பிறப்பிடமே. அதுவரை தீங்கற்றவை எனக் கருதப்பட்ட டயட்டம் வகை நுண்பாசிகளுள் ஒன்றான சூடோ-நிட்சியா அந்நஞ்சை உருவாக்கியிருந்தது.

1991இல் கலிபோர்னியாவின் மான்ட்ரே விரிகுடாவில் நெத்திலிகளை உண்ட கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் இதே நஞ்சால் மடிந்தன. 1998இல் அக்கடற்கரையில் நானூறுக்கும் மேற்பட்ட கடற்சிங்கங்கள் இறந்தன. கண்காணிப்பு முறைகள் வளர்ந்தன. நுண்ணோக்கியில் செல்கள் எண்ணப்பட்டன. செயற்கைக்கோள்கள் கடலின் நிறத்தைக் கொண்டு பச்சையத்தை அளந்தன. ஆயினும் சூடோ-நிட்சியா பெருகும்போதெல்லாம் நஞ்சு பெருகுவதில்லை. எத்தனை செல்கள் உள்ளன என்பதற்கு விடை இருந்தது. அவை என்ன செய்யப்போகின்றன என்பதற்கு விடை இல்லை.

2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டொமோயிக் அமிலத்தை உருவாக்கும் மரபணுக்களை இனங்கண்டனர். அதன் ஆக்கத்தில் முதற்படியை நிகழ்த்தும் மரபணு டாப்-ஏ. ஆனால் அகராதியில் ஒரு சொல் இருப்பது வேறு; அது பேசப்படுவது வேறு. மரபணு இருக்கிறதா என்பதை டி.என்.ஏ. காட்டும், அது இயங்குகிறதா என்பதை அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.தான் காட்டும்.

இதற்கான களத்தை 2015ஆம் ஆண்டுப் பேரழிவு தந்தது. வடகிழக்குப் பசிபிக்கில் அதுவரை பதிவானவற்றுள் மிகப் பெரிய நச்சுப்பாசிப் பெருக்கம் அவ்வாண்டில் நேர்ந்தது. மீன்பிடித் தொழிலுக்கு ஏறத்தாழ 10 கோடி டாலர் இழப்பு. நவம்பரில் தொடங்கவேண்டிய நண்டுப் பருவம் மத்தியக் கலிபோர்னியாவில் மறு ஆண்டு மார்ச் இறுதியில்தான் தொடங்கியது. மான்ட்ரே விரிகுடாவில் ஏறத்தாழ வாரந்தோறும் திரட்டப்பட்ட 52 மாதிரிகளின் ஆர்.என்.ஏ.வை ஆராய்ந்த முடிவுகள் 2024இல் வெளிவந்தன. டயட்டம் தன் ஓட்டைச் சிலிக்காவால் கட்டுகிறது. நீரில் சிலிக்கா குன்றும்போது, அதனை உள்ளிழுக்கும் சிட்-1 மரபணு முனைந்து இயங்குகிறது. அதுவும் டாப்-ஏயும் ஒருங்கே செயல்பட்டால், ஒரு வாரம் கழித்து நஞ்சு உயரும் என்பதே அம்முடிவுகளின் சாரம்.

இது ஒரு விரிகுடாவின் ஒரு பெருக்கத்தைப் பின்னோக்கி ஆராய்ந்து பெற்ற அறிவு. வேறு கடல்களில் இனிமேல்தான் சோதிக்கப்படவேண்டும். எனினும் அந்த ஒரு வாரம் சிறிதன்று. அறுவடையைத் தேவையின்றித் தடுத்தால் மீனவர் பட்டினி. தாமதமாகத் தடுத்தால் உண்பவர் உயிர். 1987இல் மனிதர் நோயுற்ற பின்னரே நஞ்சு அறியப்பட்டது. நஞ்சு உருவாகுமுன்பே அதனை அறிய முடியும் என்ற நிலையை எட்ட முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின.