பழவேற்காடு: ஓர் ஆகுபெயரின் வரலாறு

இலக்கணம் என்றவுடன் அது பள்ளிப் பிள்ளைகளின் தேர்வுக்கு உரியது என ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயினும் நாம் அறியாமலே நாள்தோறும் நம் நாவில் இலக்கணம் நடமாடுகின்றது. ரமலானில், "கஞ்சிக்கு நான்கு படி போட்டோம்" என்கின்றோம். இட்டது படியை அன்று, படியால் அளந்த அரிசியை. "தலைக்கு ஒரு பொட்டலம்" என்கின்றோம். பெறுவது தலை அன்று, ஆள். "மஹல்லா திரண்டு வந்தது" என்கின்றோம். வந்தது இடம் அன்று, அங்கு வாழ்வோர்.

இவ்வாறு ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றிற்குத் தொன்றுதொட்டு ஆகிவருவதை ஆகுபெயர் என்றனர் நம் இலக்கண ஆசிரியர். தொல்காப்பியர் இதனைச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியலில் கூறுகின்றார். நன்னூல் யாத்த பவணந்தி முனிவர் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் முதலாகப் பல வகைகளாக விரிக்கின்றார்.

அரபு மொழியின் பலாகத் கலையும் இதனை நன்கு அறியும். ஒன்றன் பெயர் மற்றொன்றிற்குச் செல்ல வேண்டுமாயின் இரண்டிற்கும் இடையே ஓர் 'அலாகா', அதாவது தொடர்பு, இருந்தே தீரவேண்டும் என்பது அக்கலையின் விதி. அத்தொடர்பு ஒப்புமையாயின் 'இஸ்திஆரா'. பிறவாயின் 'மஜாஸ் முர்ஸல்'. தமிழோ ஒப்புமையால் வருவதையும் உவமையாகுபெயர் என்று ஆகுபெயருக்குள்ளேயே அடக்கிக்கொள்ளும். யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள் தம் சொல்லுக்குச் சான்றாக ஊரையே விசாரிக்குமாறு தந்தையிடம் வேண்டியதாகத் திருமறை கூறும் இடத்தை இதற்கு எடுத்துக்காட்டுவோர் உண்டு. அங்கே ஊர் என்றது ஊராரை. இடம் பற்றிய இத்தொடர்பை 'மஹல்லிய்யா' என்பர். நம் மஹல்லாவும் அதே வேரினின்று கிளைத்த சொல்லே.

இடவாகுபெயருக்குக் கடல் கடந்த சான்று ஒன்று நம் மாநிலத்தின் வடகோடியில் உள்ளது. திருவள்ளூர் மாவட்டத்தில், தொழிற்பேட்டையால் இன்று பெயர் பெற்றுள்ள கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரியும் கடலும் கூடும் இடத்தில் அமைந்த ஊர் பழவேற்காடு. மலாய் நாட்டு முஸ்லிம்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலேக்காட்' என்று பெயர். 'காயின்' என்றால் துணி. 'பெலேக்காட்' என்பது நம் பழவேற்காடே. இலங்கையில் 'பளையகாட்' சாரம் என்பதும் இவ்வூரின் பெயர்தான்.

இந்தப் பெயர் எவ்வாறு கடல் கடந்தது? பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயரான துவார்த்தே பார்போசா இத்துறையில் முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் செழித்திருந்ததைக் குறித்துள்ளார். 1511இல் மலாக்கா போர்த்துக்கேயர் கைப்படும் முன்பே இங்கிருந்து துணி அங்கே சென்றுகொண்டிருந்தது. 1610இல் டச்சுக்காரர் இங்கே வணிக உரிமை பெற்றனர். 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. கிராம்பும் சாதிக்காயும் விளையும் தீவுகளில் மக்கள் விரும்பியது நம் கரையின் துணியை. ஆகவே துணி கொடுத்தே நறுமணப் பொருள் வாங்க வேண்டியிருந்தது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. துணி முழுவதும் பழவேற்காட்டிலேயே நெய்யப்பட்டதன்று. உள்நாட்டுச் சிற்றூர்களின் தறிகளில் நெய்து, சாயவேரால் செந்நிறம் ஏற்றிய துணிகள் இத்துறையில் கப்பலேறின. நெய்தவர் ஊர் மறைந்தது. ஏற்றிய துறையின் பெயர் நிலைத்தது. பின்னர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் தறிகளில் நெய்த வண்ணக் கைக்குட்டைக்கும் 'புல்லிக்கேட்' என்றே பெயரிட்டனர். முதலில் ஊரின் பெயர் துணிக்கு ஆயிற்று. பின் அத்துணியின் பெயர் அதைப் போன்ற வேற்றுநாட்டுத் துணிக்கு ஆயிற்று. கருமையைக் குறித்த 'கார்' மேகத்திற்கும், மழைக்காலத்திற்கும், அக்காலத்துப் பயிருக்கும் படிப்படியாக ஆகிவந்ததை இலக்கணத்தில் படித்தோமன்றோ? அந்நடையை இங்கே வரலாற்றில் காண்கின்றோம்.

1825இல் ஊர் நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. வணிகமோ அதற்கு முன்பே சென்னைத் துறையை நாடிவிட்டது. கோட்டை இன்று இடிபாடு. டச்சுக் கல்லறைகளின் சிற்ப வேலைப்பாடு மட்டும் பழம்பெருமை பேசுகின்றது. கற்கள் காக்கத் தவறியதைச் சொல் காத்து நிற்கின்றது.

ஆயினும் சொல்லுக்கும் ஓர் இடர் உண்டு. தொடர்பை மறந்தால் ஆகுபெயர் வெறும் பெயராகிவிடும். பெலேக்காட் உடுத்துவோரில் எத்துணைப் பேர் அது ஓர் ஊர் என்பதை அறிவர்? பளையகாட் என்பதை ஒலியொப்புமையால் பாலக்காடு என மயங்கவும் இடமுண்டு. அலாகா அறுந்த இடத்தில் வரலாறும் அறுகின்றது.

பினாங்கிற்கும் கொழும்பிற்கும் சென்று வந்த முன்னோர் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அவர்கள் விட்டுச்சென்ற பெட்டியில் ஒரு பழைய கைலி இருக்கலாம். வீட்டுப் பெரியோர் நாவில் அதன் பெயர் இருக்கலாம். அப்பெயரைக் கேட்டு, அது எதனால் வந்தது என்பதையும் எழுதி வைப்போமாக. ஆகுபெயரைக் கற்பதன் பயன் தேர்வு மதிப்பெண்ணோடு முடிவதன்று. நம் வழித்தடத்தை நாமே படித்தறிவதும் அதன் பயனே.