ரோசினான்டேயின் சுமை

1960ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் கடலோர ஊரான சாக் ஹார்பரிலிருந்து ஜான் ஸ்டைன்பெக் தம் நாய் சார்லியுடன் அமெரிக்காவைச் சுற்றிவரப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 58. அவர் நோபல் பரிசு பெற்ற 1962இல் அந்தப் பயணம் 'சார்லியுடன் பயணங்கள்' என்ற நூலாக வெளிவந்தது. வாசித்தவர்கள் எல்லோருக்கும் சார்லியை நினைவிருக்கும். அவர்கள் இருவரையும் சுமந்து சென்ற வண்டியைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

அந்த வண்டி ஒரு ஜிஎம்சி பிக்கப் டிரக். டான் க்விக்ஸாட்டின் நோஞ்சான் குதிரையை நினைத்து, அதற்கு ரோசினான்டே என்று பெயரிட்டிருந்தார் ஸ்டைன்பெக். முக்கால் டன் வகை டிரக்தான் வேண்டும், அதன் முதுகில் சிறு படகின் அறையைப் போன்ற ஒரு வீடு அமைய வேண்டும் என்று உற்பத்தி நிறுவனத்துக்கே கடிதம் எழுதிப் பெற்ற வண்டி அது. பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டை அவர் விரும்பவில்லை. மலைப்பாதையில் அதைத் திருப்புவதும் ஊருக்குள் நிறுத்துவதும் பெரும்பாடு. முதலில் சுமையை எண்ணி, பிறகு வண்டியைத் தேர்ந்த அந்த வரிசை சரியானதே. தவறு வேறோரிடத்தில் நிகழ்ந்தது.

பத்து நூல்கள் எழுதப் போதுமான தாள்களும், படிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட 150 பவுண்டு புத்தகங்களும் வண்டியில் ஏறின. தாம் குறிப்பெடுப்பவர் அல்லர் என்பது அவருக்கே தெரியும். மனிதனின் சுயஏமாற்றுக்கு எல்லை இல்லை என்று அவரே இதை நொந்துகொள்கிறார். விளைவு ஆரெகன் மாநிலத்தில் தெரிந்தது. மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அளவுக்கு மீறிய சுமையுடன் ஓடிய ரோசினான்டேயின் டயர் வெடித்தது. முன்பின் அறியாத ஒரு பெட்ரோல் நிலையக்காரர் கனமான டயர்களைத் தேடிப்பிடித்துக் கொடுத்து அவரைக் காப்பாற்றினார்.

அக்காலத்தில் டிரக் மேல் ஏற்றும் வீடுகள் பெரும்பாலும் உயரமான, கெட்டியான பெட்டிகள். காற்றில் ஆடும், வளைவில் சாயும். இதற்கு விடையாக 1950களிலேயே ஒன்று பிறந்திருந்தது. ஆர்.டி.ஹால் என்பவர் தொடங்கிய 'அலாஸ்கன்' கேம்பரில், மேற்பாதி ஹைட்ராலிக் விசையால் கீழ்ப்பாதியின் மேல் இறங்கி அமரும். பின்னாளில் அலுமினியச் சட்டமும் மடியும் துணிச்சுவரும் கொண்ட இலகுவான கேம்பர்கள் வந்தன. ஓடும்போது கூரை தாழ்ந்திருப்பதால் காற்றின் எதிர்ப்பு குறைகிறது, எடையின் மையமும் கீழே இறங்குகிறது. துணிச்சுவர் குளிரை அவ்வளவாகத் தடுக்காது என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

கூரை மடிந்துவிட்டதாலேயே எந்த டிரக்கும் அதைத் தாங்கிவிடும் என்று எண்ணுவது ஸ்டைன்பெக்கின் பிழையை மீண்டும் செய்வதாகும். அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை இன்று வெறும் வகைப்பெயர்கள். உண்மையான அளவு, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் இருக்கிறது. அதில் குறித்துள்ள எடைக்குள் கேம்பர் மட்டுமல்ல, ஏறும் மனிதர்களும் அடக்கம். விற்பனைத் தாள் சொல்லும் கேம்பரின் எடையோ பெரும்பாலும் வெறும் கூட்டின் எடை. 20 கேலன் தண்ணீர் நிரப்பினாலே ஏறத்தாழ 167 பவுண்டு கூடிவிடும். எரிவாயு உருளை, மின்கலம், துணிமணி, உணவு எல்லாம் அதற்கு மேல்.

எடை எங்கே அமர்கிறது என்பதும் எடைக்கு நிகரான கேள்வி. கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். நீளமான கேம்பரைக் குட்டையான தளம் கொண்ட டிரக்கில் ஏற்றினால் மையம் பின்னால் நகர்ந்துவிடும். முன் சக்கரங்கள் இலகுவாகி, திருப்பினால் வண்டி சொன்னபடி கேட்காது. கூடுதல் வில்தகடோ காற்றுப்பையோ தொய்ந்த பின்புறத்தைத் தூக்கி நிறுத்தும். கதவில் எழுதிய எண்ணை அவை உயர்த்துவதில்லை.

2010இல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் ஸ்டைன்பெக்கின் தடத்தைப் பின்தொடர்ந்தார். நூல் காட்டும் அளவுக்கு ஸ்டைன்பெக் அந்தக் கூண்டில் தங்கவில்லை, பல இரவுகளை விடுதிகளில் கழித்தார் என்று அவர் வாதிட்டார். இதைக் கேட்டு நூலின் மீது கோபம் கொண்டவர்கள் உண்டு. எனக்குத் தோன்றியது வேறு. வாசிக்கப்போகும் ஒருவர், எழுதப்போகும் ஒருவர், காட்டில் தனியே உறங்கப்போகும் ஒருவர் என்று தம் கற்பனையில் இருந்த மூவருக்காக அவர் சுமை ஏற்றினார். சாலையில் சென்றவரோ நல்ல படுக்கையை விரும்பிய, ஐம்பத்தெட்டு வயதான நான்காமவர்.

ஆகவே டிரக்கைத் தேர்பவர், தாம் உண்மையில் எப்படி வாழ்பவர் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. கேம்பரை அதற்கேற்பத் தேர்ந்து, தண்ணீரும் ஆட்களும் சேர்த்துக் கூட்டி, கதவில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, சிறிது இடமும் மிச்சம் வைக்க வேண்டும். வாங்கிய பிறகு, நிரம்பிய வண்டியை எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.

ரோசினான்டே இப்போது ஸ்டைன்பெக் பிறந்த சலினாஸ் நகரின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. புத்தகங்களை இறக்கி வைத்துவிட்ட பிறகு, அதற்கு நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும்.