முதுமையில் நரம்பணு இழப்பு

முதுமையில் நரம்பணு இழப்பு என்பது வயது ஏற ஏற மனித மூளையில் நரம்பணுக்களின் (நியூரான்களின்) எண்ணிக்கை குறைவதைக் குறிக்கும். பெரும்பாலான நரம்பணுக்கள் பிறப்பிற்குப் பின் பிரிந்து பெருகுவதில்லை. ஆகையால் இறந்தவற்றின் இடத்தைப் பொதுவாகப் புதியவை நிரப்புவதில்லை. எனினும், நோயற்ற முதுமையில் ஏற்படும் இழப்பு முன்னர் கருதப்பட்டதைவிட மிகக் குறைவாகும்.

எண்ணிக்கை ஆய்வுகள்

1955-இல் அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஹெரால்டு பிராடி, பெருமூளைப் புறணியில் வயதுடன் பெரும் இழப்பு ஏற்படுவதாக அறிவித்தார். அக்கால ஆய்வுகள் மெல்லிய திசுச் சீவல்களில் நரம்பணுக்களின் அடர்த்தியையே கணக்கிட்டன. பதப்படுத்தும்போது இளையோரின் மூளைத்திசு முதியோருடையதைவிடக் கூடுதலாகச் சுருங்கும். இதனால் இளைய மூளையில் அடர்த்தி மிகுந்தும், முதிய மூளையில் குறைந்தும் தோன்றும்.

பின்னர் அடர்த்திக்கு மாறாக மொத்த எண்ணிக்கையையே மதிப்பிடும் முறைகள் உருவாயின. 1997-இல் டென்மார்க்கைச் சேர்ந்த பாக்கன்பெர்க், குண்டர்சன் ஆகியோர் 20 முதல் 90 வயது வரையிலான 94 பேரின் மூளைகளை ஆராய்ந்தனர். புதுப்புறணியில் ஆண்களுக்குச் சராசரியாக 2,300 கோடியும் பெண்களுக்கு 1,900 கோடியும் நரம்பணுக்கள் இருந்தன. அவ்வயது இடைவெளியில் இழப்பு ஏறத்தாழ 10% மட்டுமே. இது நாளொன்றுக்குச் சுமார் 85,000, அதாவது நொடிக்கு ஒன்று என்ற அளவாகும்.

பகுதிசார் வேறுபாடுகள்

இழப்பு மூளை முழுவதும் ஒரே சீராக நிகழ்வதில்லை. நடுமூளையில் டோபமைனைச் சுரக்கும் கரும்பகுதியில் (சப்சுடான்சியா நைகுரா), நோயற்றோரிடமும் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 5% இழப்பு காணப்படுகிறது. பார்க்கின்சன் நோயில் இதே பகுதி கடுமையாகச் சிதைகிறது. நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பசின் சி.ஏ.1 பகுதியில், ஆல்சைமர் நோயாளிகளிடம் பெரும் இழப்பு உள்ளது. நோயற்ற முதியோரிடம் அத்தகைய இழப்பு இல்லை என 1994-இல் கண்டறியப்பட்டது. எனவே ஆல்சைமர் நோய் இயல்பான மூப்பின் விரைவுபட்ட வடிவம் அன்று. அது தனியொரு நோய்ச்செயல்பாடாகும். கடும் மறதியை "வயதாகிவிட்டது" என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரை நாட வேண்டியதன் காரணமும் இதுவே.

பிற மாற்றங்கள்

முதுமையில் மூளையின் பருமன் குறைவதற்கு நரம்பணு இழப்பு மட்டும் காரணமன்று. பெரிய நரம்பணுக்கள் சுருங்குகின்றன. அவற்றின் கிளைகளும் இணைப்புகளும் சில பகுதிகளில் குறைகின்றன. வெண்பொருளில் மயலின் உறையுடைய நரம்பிழைகளின் மொத்த நீளம் 20 முதல் 80 வயதிற்குள் 45% அளவு குறைவதாக 2003-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. சிந்தனை வேகம் தளர்வதற்கு இம்மாற்றங்கள் முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

புதிய நரம்பணுக்கள்

வளர்ந்தோரின் ஹிப்போகாம்பசில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதற்கான சான்று 1998-இல் வெளியானது. 2018-இல் வெளியான இரு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்தன.

இவற்றையும் பார்க்க

நரம்பணு
மூப்படைதல்
ஆல்சைமர் நோய்
பார்க்கின்சன் நோய்