ஊர்ப்பெயர் வாய்க்காத காப்பி

போடிநாயக்கனூர் என்றதும் ஏலக்காய் நினைவுக்கு வரும். கம்பம் என்றதும் பன்னீர்த் திராட்சை. அத்திராட்சை 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆனால் இதே தேனி மாவட்டத்து மலைச்சரிவுகளில், அகமலையிலும் குரங்கணி, கொட்டகுடிப் பகுதிகளிலும் தலைமுறைகளாக விளைந்துவரும் காப்பிக்கு அப்படியொரு பெயர் வாய்க்கவில்லை. மலையை விட்டு இறங்கியதும் அது தன் ஊரை இழந்துவிடுகிறது. சுவைக் குறைவால் நேர்ந்ததன்று இது.

குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களில் தேனுண்டு, தினையுண்டு. காப்பிக்கு அங்கே இடமில்லை. அது வந்தேறிய பயிர். பாபா புடன் என்னும் சூஃபி பெரியவர் 17ஆம் நூற்றாண்டில் அரபு நாட்டிலிருந்து ஏழு விதைகளைச் சிக்கமகளூர் மலைக்குக் கொணர்ந்தார் என்பது மரபுவழிச் செய்தி. தமிழகத்தில் 1820ஐ ஒட்டிச் சேலம் ஆட்சியர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் அதைப் பயிரிடச் செய்தார். பின்னர் அந்நூற்றாண்டிலேயே பழனி மலையின் தாழ்சரிவுகளுக்கும் காப்பி பரவிற்று. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் அந்நாட்டுக் காப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழி திறந்தது. இப்பக்கத்திலும் மூணாற்றிலும் மேகமலையிலும் உயரங்களைத் தேயிலையே ஆண்டது. இடைச்சரிவுகளில் சிறு விவசாயிகளின் கையில் காப்பி நின்றது.

அது நிழலில் வளரும் செடி. பலா, ஆரஞ்சு, சவுக்கு மரங்களின் அடியில் அது நிற்க, அம்மரங்களின் மேல் மிளகுக்கொடி ஏறும். கோடையின் தொடக்கத்தில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும். சில நாள்களில் கிளை முழுதும் வெள்ளைப் பூ, மல்லிகையை ஒத்த மணம். அம்மழை பொய்த்தால் அவ்வாண்டு விளைச்சலும் பொய்க்கும். ஆனால் காப்பியின் தரம் முடிவாவது பூவில் அன்று, பறிப்பில். ஒரே கிளையில் பச்சைக்காயும் செம்பழமும் கலந்திருக்கும். சிவந்ததை மட்டும் எடுக்க ஆள்கள் மூன்று நான்கு முறை தோட்டத்தைச் சுற்றிவர வேண்டும். பறித்த அன்றே தோலுரித்து, ஓரிரு நாள் ஊறவைத்து வழவழப்பைக் கழுவி, மேல்தோட்டோடு மெல்ல உலர்த்த வேண்டும். இதற்கு நீரும் வேண்டும், வெயிலும் வேண்டும். கீழைச்சரிவின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. பழம் சிவக்கும் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. உலர்களத்தில் ஈரம் பட்ட கொட்டை மணம் கெட்டுப் பூஞ்சை வாடை கொள்ளும். சாலை எட்டாத மலைச் சிற்றூர்களில் குதிரை முதுகில் மூட்டையேற்றி இறக்குபவருக்கு இத்தனை பக்குவமும் பெருஞ்செலவு. பழத்தை முழுதாக உலர்த்தி விற்றுவிடுவதே அவருக்கு எளிது.

இந்த எளிய வழியைப் பழக்கமாக்கியது சந்தை. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதால் அரசு தலையிட்டது. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் காப்பி வாரியம் நிலைபெற்று, விளைந்ததையெல்லாம் பொதுத்தொகுப்பில் திரட்டி விற்கலாயிற்று. வீழ்ந்துகொண்டிருந்த விவசாயியை அன்று காத்தது அந்த ஏற்பாடுதான். அதை மறுப்பது நன்றியன்று. எனினும் தொகுப்பில் கொட்டை பெரும்பாலும் வகையாலும் அளவாலுமே பிரிக்கப்பட்டது. எந்த மலை, எந்த ஊர் என்பது விலையில் ஏறவில்லை. ஏறாத ஒன்றுக்காக யார் பாடுபடுவர்? 1990களில் படிப்படியாகத் தளர்ந்த இம்முறை 1996இல் முற்றும் நீங்கியது. அதற்குள் அரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

குடிப்பவர் பக்கமும் குறையுண்டு. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ காட்டுவதுபோல, இருபதாம் நூற்றாண்டுத் தமிழர் காப்பியை வெறும் பானமாகக் கொள்ளவில்லை. தகுதியின் அடையாளமாகவே கொண்டனர். அத்தனை பற்றுக்கொண்ட நம் ரசனை வறுத்தரைக்கும் கடையில் பீபெரி, பிளாண்டேஷன் என்ற இரு சொற்களோடு நின்றுவிட்டது. பீபெரி என்பது இரு பருப்புக்குப் பதிலாக ஒன்றே உருண்டு விளைந்த கொட்டை. பிளாண்டேஷன் என்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகா. இரண்டுமே ஊரைச் சொல்லும் சொற்கள் அல்ல. டிகாஷனின் திண்மைக்காகச் சிக்கரி சேர்த்தோம். மலையுயரத்து அராபிகாவின் சிறப்போ மெல்லிய புளிப்பிலும் மணத்திலும் இருக்கிறது; சிக்கரி முதலில் மறைப்பது அவ்விரண்டையுமே. (டபரா செட்டின் மீது குற்றமில்லை.)

தொகுப்பு நீங்கிய பிறகு தோட்டத்தின் பெயராலேயே காப்பியை விற்க வழி திறந்தது. கருநாடகத்துப் பெருந்தோட்டங்கள் சில அவ்வழியில் வெளிநாடுவரை சென்றன. ஆனால் இச்சரிவுகளின் சிறு விவசாயி விடுதலையோடு உலகவிலையின் ஆட்டத்தையும் சேர்த்தே பெற்றார். 1994இல் பிரேசிலில் உறைபனி விழுந்தபோது ஏறிய விலை, 2001ஐ ஒட்டி அடியோடு சரிந்தது. அச்சரிவைக் கண்டவரிடம் செம்பழம் பறிக்கக் கூடுதல் கூலி கொடுக்கச் சொல்வது எளிதன்று. காப்பி வாரியத்தின் வட்டாரக் காப்பிப் பட்டியலில் பழனிமலையின் பெயர் உண்டு. அம்மலையின் தென்சரிவில் நிற்கும் அகமலையின் பெயர் அதில் இல்லை.